பதினேழாம் நம்பர் டோக்கன்

"எண்ணத் தெரியாம உயிரை விட்ட ஆளுக்கு எதுக்கு சார் படம்?" என்று சிரித்தார் பெரியவர்.

அருங்காட்சியகக் காப்பாளர் இருமினார். பக்கத்தில், செய்தித்தாளில் சுற்றிய புகைப்படத்தோடு ஓர் அம்மாள்.

"ஐயா, இவங்க அந்த மேஸ்திரியோட மகள்."

பெரியவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

மூடிப்போன இரும்பு ஆலைதான் இப்போது அருங்காட்சியகம். வேலையில் உயிர்விட்டவர்களின் படங்கள் ஒரு சுவர் நிறைய. மேஸ்திரியின் படம் மட்டும் இல்லை. தீப்பிடித்த நாளில் தொழிலாளர்கள் நாற்பத்திரண்டு பேரும் தப்பிவிட்டார்கள், மேஸ்திரி தப்பாக எண்ணி, ஒருவன் உள்ளே மாட்டிக்கொண்டதாக நினைத்துத் திரும்ப ஓடினார், சொந்தக் கவனக்குறைவு. பதிவேடு அப்படித்தான் சொன்னது.

அந்த நாற்பத்திரண்டு பேரில் மிஞ்சியிருப்பவர் பெரியவர் ஒருவர்தான். பழைய ஃபிட்டர். சாட்சி சொல்ல வரவழைத்திருந்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஆலையில நான் சும்மா கிளப்பிவிட்ட வேடிக்கை அது."

"பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துச்சு ஐயா. எண்ணத் தெரியாதவர் பொண்ணும்பாங்க. அந்த ரோஷத்துலதான் கணக்கு டீச்சர் ஆனேன்."

டீச்சர் சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு பித்தளை டோக்கன்.

"உள்ளே வர்ற தொழிலாளிங்க அவங்கவங்க டோக்கனை இதுல மாட்டணும், இல்லையா? அன்னிக்கு இருந்தபடியே வச்சிருக்காங்க. நாலு தடவை எண்ணிட்டேன். நாற்பத்திரண்டு. வெளியே நின்னதும் நாற்பத்திரண்டு பேர். பின்னே எங்கப்பாவுக்கு எங்கே இடிச்சது?"

"பதற்றத்துல ஒரு ஆளை விட்டுட்டார்னு எழுதிடலாம் ஐயா. பாவம், படத்தையும் மாட்டிடலாம்" என்றார் காப்பாளர். "ஒரு கையெழுத்துப் போட்டா போதும். வண்டி காத்திருக்கு."

பேனாவை வாங்கிய பெரியவர், மூடித் திருப்பிக் கொடுத்தார். பலகையை நெருங்கி, பதினேழாம் நம்பர் டோக்கனைக் கழற்றினார்.

"ஐயா! அதையெல்லாம் தொடக் கூடாது!"

"என்னோடதுதான் சார்."

டீச்சரின் உள்ளங்கையில் அதை வைத்தார்.

"இப்ப எண்ணுங்கம்மா."

எண்ண வேண்டியிருக்கவில்லை. "நாற்பத்தொண்ணு."

"அன்னிக்கு உங்கப்பா முன்னாடி நின்னதும் அத்தனை பேர்தான். நான் வீட்டுல தூங்கிக்கிட்டிருந்தேன், இதை மாட்டினது என் கூட்டாளி. ஆலைச் சங்கு அலறினதைக் கேட்டு ஓடிவந்து நான் கூட்டத்துல கலந்தப்போ, அவர் என்னைத் தேடி உள்ளே போயிருந்தாரும்மா."