இரண்டு நீதிபதிகள் பெண் பார்த்தார்கள்

"சமைக்கத் தெரியுமா?"

"சத்திரத்துல சமையல்காரியே நான்தான் ஐயா," என்றாள் சிசிலி.

"பாட்டு?"

"நான் பாடினா பாதிரியார் ஊரை விட்டே ஓடிடுவாரு. பரவாயில்லையா?"

நீதிபதி பிக்கார்ட் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த நீதிபதி ஓல்டம் சிரிக்கவில்லை.

எலிசபெத் ராணியின் ஆட்சியில் பாதிரியார்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம். ஆனால் ராணிக்கு அதில் அரை மனதுதான். அதனால் பாதிரியார் கட்டிக்கொள்ளப் போகிறவளை இரண்டு நீதிபதிகள் கூப்பிட்டு விசாரித்து, நல்லவள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் பிஷப் சரி என்பார்.

"காலம் கெட்டுக் கிடக்கு," என்றார் ஓல்டம். "இதுக்கு முன்னாடி மேரி ராணி காலத்துல, பொண்டாட்டி வெச்சிருந்த பாதிரியாரையெல்லாம் தண்டனையா கையில மெழுகுவத்தியைக் கொடுத்துக் கோயில் நடுவுல நிக்க வெச்சோம். இப்ப நாமளே உக்காந்து அவங்களுக்குப் பொண்ணு பாக்கறோம். நாளைக்கு வர்றவங்க என்ன சொல்லப் போறாங்களோ!"

"மெதுவாப் பேசும். எழுத்தர் இதையும் எழுதிடப் போறாரு," என்றார் பிக்கார்ட்.

ஜன்னலோரம் நின்றிருந்த பாதிரியார் ஹம்ஃப்ரி தரையைப் பார்த்தார். ஐம்பது வயது. ஹென்றி ராஜா போப்பை விலக்கச் சொன்னபோது சரி என்றவர். எட்வர்டு ராஜா லத்தீனை விட்டு இங்கிலீஷில் ஜெபிக்கச் சொன்னபோதும் சரி. மேரி ராணி மறுபடியும் லத்தீன் பூசை வைக்கச் சொன்னபோதும் சரி. எலிசபெத் ராணி வந்து அதை நிறுத்தச் சொன்னபோதும் சரி. நடுவில் கிழக்குக் கோடி நார்ஃபோக்கிலிருந்து அவரை மேற்கே இந்த சாமர்செட்டுக்குத் தூக்கிப் போட்டார்கள். அதற்கும் சரி. தானாக ஒரு வார்த்தை சொன்னது எப்போது என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை.

இந்தக் கல்யாணத்தைக் கேட்கவே அவருக்கு ஏழெட்டு வருஷம் ஆயிற்று. எல்லாம் மறுபடியும் மாறிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்.

"ஜன்னல்கிட்ட நிக்காதீங்க. காத்து அடிச்சா எடது காதுல குத்தல் வந்துடும்," என்றாள் சிசிலி.

ஓல்டம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எடது காதா? உனக்கெப்படிம்மா அது தெரியும்?"

சிசிலி திகைத்துப் போனாள். "அது... சத்திரத்துக்குச் சாப்பிட வரும்போது சொன்னாரு."

"கல்யாணம் பண்ணிக்கப் போறவங்க காது வலியைப் பத்தியா பேசுவாங்க?"

"எங்க வயசுல வேற எதைப் பத்தி ஐயா பேசறது?"

பிக்கார்டுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. "விடும் ஓல்டம். ஏம்மா, பெத்தவங்க சம்மதம் இருக்கா?"

"ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க."

"கூடப் பிறந்தவங்க?"

"யாரும் இல்லை ஐயா."

"அப்படின்னா உனக்கு வேலை கொடுக்கிற சத்திரக்காரம்மா சொன்னாப் போதும்."

எழுத்தர் தொண்டையைச் செருமினார். "அந்தம்மா முடியாதுன்னுட்டாங்க ஐயா. ரொட்டிக்குள்ள கறி வெச்சுச் சுட இவங்களை விட்டா ஊர்ல ஆள் இல்லையாம்."

பிக்கார்டின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "சங்கடமாப் போச்சே. யாராவது ஒருத்தர் சம்மதம் சொல்லாம நாங்க கையெழுத்துப் போட்டா பிஷப் திருப்பி அனுப்பிடுவாரு."

"அப்ப இது நடக்காது," என்றார் ஓல்டம். "பாதிரியாரே, இனிமே அந்தச் சத்திரத்துப் பக்கம் உங்களைப் பார்த்தா கோயில் வேலை இருக்காது. புரிஞ்சுதா?"

ஹம்ஃப்ரியின் உதடுகள் அசைந்தன. இதற்கும் சரி என்று சொல்லிவிடப் போகிறார் என்றுதான் சிசிலி நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் சம்மதம் சொல்றேன் ஐயா."

கதவோரப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பதினைந்து வயது இருக்கும். துணைக்கு வந்த சத்திரத்து வேலைக்காரி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"தாமசின், பேசாம உக்காரு!" சிசிலி பதறினாள்.

"எவ்வளவு நாளும்மா பேசாம உக்கார்றது?" அந்தப் பெண் நேராக மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். "இவங்க என் அம்மா. என்னை விட நெருங்கின சொந்தம் வேற யாரு ஐயா?"



"அம்மாவா!" ஓல்டம் மேஜையைத் தட்டினார். "புருஷன் இருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா நீ! உன்னை நல்லவள்னு நாங்க எப்படி எழுதறது? யாரு இவ அப்பன்? உயிரோட இருக்கானா, செத்துட்டானா?"

சிசிலி வாய் திறக்கவில்லை. தாமசினும் திறக்கவில்லை. சொன்னால் பாதிரியாருக்கு ஆபத்து என்று இருவருக்கும் தெரியும்.

"உயிரோடதான் இருக்கேன்," என்றார் ஹம்ஃப்ரி.

இரண்டு நீதிபதிகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாதிரியாரும் கல்யாணம் பண்ணலாம்னு எட்வர்டு ராஜா சொன்னப்ப, நார்ஃபோக்ல ஊரறிய இவளைக் கட்டினேன். மேரி ராணி வந்ததும் இவ என் பொண்டாட்டியே இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். இனி திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொன்னாங்க, அதையும் பண்ணேன். அந்தச் சத்தியத்தை மீறினதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க. ஆனா இவ என் பொண்டாட்டி. அவ என் மக."

பிக்கார்ட் என்ன செய்வது என்று தெரியாமல் ஓல்டத்தைப் பார்த்தார். பாதிரியார்களை மெழுகுவத்தியோடு நிற்க வைத்த ஓல்டம் அந்தப் பெண்ணையே பார்த்தார். பிறகு எழுத்தர் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"எழுதிக்கோங்க. அம்மாவை அப்பாவுக்குக் கட்டிக் கொடுக்க, மகளுக்குச் சம்மதம்."