செவலையின் வயிற்றில் ஒரு கறுப்பு

முத்துராமலிங்கம் முள்வாங்கியை நாயின் வயிற்றுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

கை அதற்கு மேல் போகவில்லை.

வாலிநோக்கத்துக்கும் ஏர்வாடிக்கும் ஐஸ் ஏற்றிக்கொண்டு லோடு ஆட்டோ ஓட்டுகிற கை. எத்தனையோ பேர் காலிலிருந்து கருவேல முள்ளை வலிக்காமல் எடுத்த கை.

செவலை ஈர உடம்போடு மல்லாந்து கிடந்து வாலை ஆட்டியது. குளிப்பாட்டும்போதுதான் அவர் கண்ணில் பட்டது. பின்னங்காலுக்குச் சற்று மேலே, முடிக்குள், மிளகு அளவில் கறுப்பாக ஒன்று. சோப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்தார். விரலால் தள்ளினால் அசைந்ததே தவிர, விழவில்லை.

"உண்ணிதான்," என்றார்.

அவர் மனைவி ராமலெட்சுமி துவைத்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே கல்லில் போட்டுவிட்டு வந்தாள்.

இதற்கு முன் வீட்டில் இருந்த நாய் உண்ணிக் காய்ச்சலில் செத்தது. முதல் நாள் சோம்பிப் படுத்திருந்தபோது வெயிலுக்கு என்று நினைத்தார்கள். நான்காம் நாள் அதைத் தூக்கிப் புதைத்தார்கள். அதன்பிறகு ஆறு மாதம் வாசலில் நாய்ச்சட்டி கவிழ்ந்தே கிடந்தது. செவலை தானாக வந்து அதைப் புரட்டிப் பார்த்த நாய்.

"இழுக்காதீங்க. தலை உள்ளயே நின்னுபோச்சுன்னா?"

"பெறகு என்ன செய்யச் சொல்ற? ஞாயித்துக்கிழம எங்கன தூக்கிட்டுப் போறது?"

ராமலெட்சுமி ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"டாக்டரம்மாவுக்கு வீடியோ போடவா?"

அவர் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பாமலே, "போடு," என்றார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். ராமலெட்சுமி மெதுவான குரலில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, நாய் தெரியும்படி செல்லைப் பிடித்தாள்.

"அய்யா, மொதல்ல அந்த முள்வாங்கியக் கீழ வைங்க," என்றது டாக்டரின் குரல்.

வைத்தார்.

மேல் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டச் சொன்னார் டாக்டர். விரலால் ஓர் அழுத்து அழுத்தி விடச் சொன்னார். வெளுத்த இடம் கண் மூடித் திறப்பதற்குள் சிவந்தது. காலையில் சாப்பிட்டதா என்று கேட்டார். சோறும் மீன் தலையும், சட்டியை நக்கிவிட்டது என்றாள் ராமலெட்சுமி.

"முந்தி இருந்ததுக்கு ஈறு இப்படி இல்ல," என்றார் முத்துராமலிங்கம் நாயிடம் சொல்வதுபோல. "சுண்ணாம்பாட்டம் வெளுத்துப்போச்சு. போன ஐப்பசில போயிருச்சு."

"ஐப்பசிலயா?" என்றது செல்லுக்குள்ளிருந்து குரல்.

ராமலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பேசினார். "சரி. அந்தக் கறுப்புக்கு நேரா, அந்தப் பக்கம் தடவிப் பாருங்க. அதே மட்டத்துல."

தடவினார். விரல் நின்றது.

"அங்கனயும் ஒண்ணு இருக்கு."

"அதுக்கு மேல?"

மேலே ஒரு ஜோடி. அதற்கும் மேலே இன்னொரு ஜோடி. வயிறு நெடுக வரிசையாக இருந்தது. இத்தனையா? இத்தனை நாளும் தன் கண்ணில் படாமலா?

"கால் இருக்கான்னு நல்லாப் பாருங்க அய்யா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒன்றுக்கும் கால் இல்லை.

"அது உண்ணி இல்ல. முலக்காம்பு."

"இது பொட்ட இல்லையே, கடுவன்ல?"

"கடுவனுக்கும் உண்டு. அதுல ஒண்ணு கறுத்திருக்கு, அம்புட்டுத்தான்."

முத்துராமலிங்கம் தரையில் கிடந்த முள்வாங்கியைப் பார்த்தார். அதைக் காலால் தூரத் தள்ளிவிட்டார். அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பி வந்தது. தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ராமலெட்சுமியும் சிரித்தாள். செல்லுக்குள் டாக்டரும் சிரிப்பது கேட்டது.

செவலை எழுந்து ஓர் உதறு உதறி, எல்லோரையும் நனைத்துவிட்டு, புழுதியில் புரளப் போனது.

உண்ணி அண்டாமலிருக்க மழைக்காலத்துக்கு முன்னால் பிடரியில் விட வேண்டிய மருந்து ஒன்று இருக்கிறது, பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். ராமலெட்சுமி செல்லைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுப் பேனா எடுக்க உள்ளே போனாள்.

பேனா கதவை ஒட்டிய காலண்டரிலேயே தொங்கியது. ஆனாலும் அவள் வர நேரமாயிற்று.

முத்துராமலிங்கம் அப்போதுதான் செல்லைப் பார்த்தார். சிரித்த ஈரம் இன்னும் கண்ணில் இருந்தது.

"என்ன ஜோதி, இப்படி மெலிஞ்சுபோயிட்ட?"

பரமக்குடி ரிஜிஸ்தர் ஆபீஸில் அவள் தன் இஷ்டத்துக்கு மாலை மாற்றிக்கொண்ட நாளிலிருந்து, மூன்று வருடமாக, டாக்டருக்குப் படித்த தன் மகளிடம் அவர் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

திரையில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அய்யா, எனக்கு இங்க வெறும் தரதான் தெரியுது."

ராமலெட்சுமி பேனாவோடு வந்து செல்லுக்குக் கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை.

"இதுல என் மூஞ்சி தெரியணும்னா எத அமுக்கணும்?" என்று கேட்டார்.