இரண்டு பிரேக் உள்ள வண்டி

"கிளட்ச்சை மெதுவா விடு. தூங்கற குழந்தை கையிலிருந்து பொம்மையை உருவற மாதிரி."

பதினோரு வருடமாக ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த எல்லோரிடமும் சொல்லும் வாக்கியம்தான். இன்று சொல்லி முடித்ததும் மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவன் மனைவி விட்டாள். வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. தொழிற்சாலை மதிலைச் சுற்றிப் போகும் சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. ஊருக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவனின் பெண்டாட்டிக்கு ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியாது என்று சிரிப்பவர்களின் வாயை அடைக்கத்தான் இந்த வகுப்பு என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவள் கேட்டு வாங்கியதற்குக் காரணம் வேறு. வண்டிக்குள் இருந்து அவனால் எழுந்து போக முடியாது.

வீட்டில் பேச்சை எடுத்தால் விலாங்கு மாதிரி வழுக்கிவிடுவான். குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும் என்பான். கேஸ் தீரப்போகிறதோ என்று சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பான். டாக்டரம்மா கொடுத்த காகிதம் இரண்டு வாரத்துக்கு மேலாக ஃபிரிட்ஜின் மேல் நான்காக மடித்தபடியே கிடந்தது.

வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்புண்டா என்று பார்க்கும் பரிசோதனை. ஒரு ஸ்கேன், கொஞ்சம் ரத்தம். கட்டாயம் ஒன்றும் இல்லை, இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கள் என்றிருந்தார் டாக்டரம்மா. அவர் சொன்ன கெடு வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத் தங்கிய கரு.

மாமியாரின் தீர்ப்பு முதல் நாளே வந்துவிட்டது. வயிற்றில் இருப்பதைத் தோண்டித் துருவிப் பார்க்க அது என்ன கிணறா?

இரண்டாவது கியர்.

"அந்த டெஸ்ட்டு," என்றாள். "எடுக்கலாமா, வேண்டாமா?"

"கண்ணாடியைப் பாரு."

"பாத்துட்டுதான் கேக்கறேன், மாஸ்டர்."

அவன் சிரித்துவிட்டான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்: "எதுக்கு எடுக்கணும்? எப்படி இருந்தாலும் நம்ம புள்ளதானே?"

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. மறுகணமே உள்ளே ஏதோ பிறாண்டியது. மழையில்லாத நாளில் குடை எதற்கு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

மதில் முடியும் இடத்தில் திருப்பம். உள்ளங்கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. வேண்டியதைவிட அகலமாகத் திரும்பினாள்.

இருந்தால் நீ என்ன செய்வாய் என்று தன்னையே அவள் கேட்டிருக்கிறாள். தையல் கடையில் காஜா எடுக்கும்போது, தலை துவட்டும்போது, பஸ்ஸில் யாரோ ஒருத்தியின் தோளில் தூங்கும் பிள்ளையைப் பார்க்கும்போது. காலையில் ஒரு பதில் வரும். வளர்த்துக் காட்டுகிறேன் என்று நிமிரும். சாயங்காலத்துக்குள் அதே பதில் சுருண்டு படுத்துவிடும். நமக்குப் பின்னால் யார் பார்ப்பார்கள் என்று முனகும். ஒரு பதிலுடன் ஒரு முழு நாளை அவளால் கடக்க முடியவில்லை.

ஒற்றை ஆளாக முடியவில்லை.

"ஒருவேளை இருந்துச்சுன்னா?"

வண்டி தூக்கிப் போட்டு நின்றது.

முன்னால் நாய் இல்லை. பள்ளம் இல்லை. பயிற்சி வண்டி என்பதால் அவன் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவன் அடிவரை மிதித்திருந்தான்.

மிதித்தது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. குனிந்து தன் காலைப் பார்த்தான், யாருடைய கால் இது என்பதுபோல.

எதிரே லாரி வந்தபோதுகூட அவன் அப்படி மிதித்ததில்லை. மாஸ்டர் பிரேக்கைத் தொட்டால் ஓட்டுகிறவனுக்கு மட்டுமில்லை, மாஸ்டருக்கும் அவமானம் என்பது அவன் கட்சி.

இன்ஜின் அணைந்து போயிருந்தது. மதிலுக்கு அப்பால் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம்.

"பயமா இருக்கு," என்றான் கடைசியில். "நம்ம புள்ளதானேன்னு சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். எடுத்துடலாம். நாளைக்கே போலாம், நான் லீவு போட்டுட்டு வரேன். வர்றது எதுவோ, நீ தனியா உக்காந்து அதைப் பாக்க வேண்டாம்."

இந்த வார்த்தைக்காக எத்தனை நாள் ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போன வாரம் சனிக்கிழமை வரை பார்த்தாள். அதற்குமேல் காத்திருக்கவில்லை.

கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். தேடத் தேவையில்லாத ஒரு செய்தியைத் திறந்து, போனை அவன் மடியில் வைத்தாள்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து செவ்வாய்க்கிழமை மதியம் வந்த செய்தி. அவள் பெயர், வயது, எத்தனை வாரம். அதற்குக் கீழே: வாய்ப்பு அதிகம், இருபத்தெட்டில் ஒன்று. மேற்கொண்டு பேச நேரில் வரவும்.

சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினாள்.

"நீங்க படிங்க," என்றாள். "நான் ரோட்டைப் பாத்துக்கறேன்."