தில்லைநாயகத்தின் புழு

புழு ஆய்வாளரான மனைவி சுகிர்தா, கங்காருபோல் பையில் குட்டி சுமக்கும் எலியளவுப் பிராணி ஒன்றின் குடலில் கண்டுபிடித்த புதுப் புழுவுக்குச் சக ஆய்வாளர் பெர்னார்டின் பெயரை வைத்துவிட்டாள் என்று தெரிந்ததிலிருந்து தில்லைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு குடல்புழுவுக்குத் தன் பெயர் வேண்டும் என்று இப்படி ஏங்கிய மனிதன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அடக்க முடியாமல் ஒரு மத்தியானம் ஆய்வுக்கூடத்துக்கே போய் நின்றார்.

“பத்தொன்பது வருஷமா உன்கூடக் குப்பை கொட்டுறேன். ஒரு புழுவுக்காவது என் பேரு தோணலையா?”

“அவர்தாங்க அந்தப் பிராணியையே பிடிச்சுக் கொடுத்தாரு.”

“நான் தினமும் சோறு கட்டிக் கொடுத்தேனே!”

சுகிர்தா சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து நீட்டினாள். உள்ளே நூல்துண்டுகள் போலப் புழுக்கள். ஆல்கஹாலில் மை கரைந்துவிடும் என்று பென்சிலால் எழுதிய சீட்டில் அவர் பெயரும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருந்தன.

“மூணு வருஷமா வெச்சிருக்கேன். ஆண் புழுவோட வாலைப் பார்த்தாத்தான் புது இனம்னு உறுதியாச் சொல்ல முடியும். இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் பெட்டைதாங்க. இன்னும் பாதி பாக்கி.”

தில்லைநாயகம் மூக்குக்கண்ணாடியை வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு நுண்ணோக்கி முன் உட்கார்ந்தார். சுகிர்தா கண்ணாடித் தகட்டில் எடுத்து வைத்த புழுவை உற்றுப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

“பெர்னார்டோட புழுவைவிட இது நீளந்தானே?”