காதில்லாத யானை

"பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க டீச்சர். எனக்கு மனசு வரல லா" என்கிறாள் நூலகத்தில் வேலை பார்க்கும் சபீதா. "அடுத்த சனிக்கிழமைலேர்ந்து இந்த ரூம் ரோபோட் கிளாஸுக்கு. கதை கிளாஸ் இன்னையோட சரி."

"நான் என்ன ரோபோட்டா, சட்டுனு சொல்லிட்டுப் போக?" தேன்மொழி சிரிக்கப் பார்க்கிறாள். கொட்டாவிதான் வருகிறது. வாரமெல்லாம் பள்ளியில் கத்திய தொண்டை கரகரக்கிறது. மாசாய் நகரத்து மழை தகரக் கூரையில் ஓயாமல் விழுகிறது. பாயில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பழைய பள்ளிக் காலுறைகளைக் கையில் மாட்டிக்கொண்டு, அதையே கதையில் வந்த யானையாக்கிப் பொத்தான் கண் ஒட்டுகிறார்கள். குழல்விளக்கு வெளிச்சத்தில் பசை வெள்ளையாகவே மினுங்குகிறது. இந்த ஈரத்தில் காய்வேனா என்கிறது. வாசலில் மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடிக்க, பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து ஓடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் சொல்ல வாயெடுத்து, தேன்மொழி "பார்த்துப் போ" என்று மட்டும் சொல்கிறாள். கடைசியாக ஆப்ரின் தன் யானையை இரண்டு கையாலும் ஏந்தி வருகிறாள்.

"கண்ணு இன்னும் காயல டீச்சர். அடுத்த வாரம் வந்து காது வைக்கிறேன். அதுவரைக்கும் நீங்களே பத்திரமா வச்சிருங்க டீச்சர்."