நர்ஸ் கேட்காத கேள்விகள்

நர்ஸ் இந்தியில் கேட்டது சின்னக் கேள்வி. வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா?

நூர் நிஷா அதைத் தமிழில் சொன்னபோது மூன்று மடங்கு நீண்டுவிட்டது.

"இருமல் உண்டா? தோல் பட்டறைக்குப் போற உங்க மவனுக்கு? ராத்திரி வேர்த்துக் கொட்டுதா? உடம்பு எளச்சிருக்கா?"

"ஒண்ணுமில்லம்மா. எல்லாரும் சொகந்தான்" என்றாள் மதீனா பீவி.

நூர் நிஷா நம்பவில்லை.

அது 1964, ஜூலை மழை. தாராவியில் தோல் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த சந்துகளில், ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே படுக்கிறார்கள், என்ன நோயோடு இருக்கிறார்கள் என்று சர்க்காரில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். மராத்திக்கார நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஊரை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் மதீனா பீவிக்கு இந்தி பிடிபடவில்லை. நடுவில் நின்று பேசத்தான் நூர் நிஷா தான் குடியிருந்த கோவண்டியிலிருந்து கூட வந்திருந்தாள்.

தண்ணீர் வாசலிலேயே வருகிறது என்றாள் மதீனா பீவி. நூர் நிஷா எழுந்து போய்க் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது.

"காலையில வரும்" என்றாள் மதீனா பீவி.

கூரை ஒழுகாது என்றாள். நூர் நிஷா அண்ணாந்து பார்த்தாள். தகரத்தில் புதுத் தார் மினுங்கியது. ஆள் வரப்போவது தெரிந்து பூசியிருப்பார்களோ?

மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது என்றாள். நூர் நிஷா அரிசி டப்பாவின் மூடியை நெம்பித் திறந்து, உள்ளே கைவிட்டு ஆழம் பார்த்தாள்.

நர்ஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இவ்வளவு அக்கறையாக வேலை செய்கிற ஆளை அவள் கண்டதில்லை.

அப்போது, வீட்டைப் பாதியாகத் தடுத்துக் கட்டியிருந்த சேலைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டு வருகிற இருமல்.

நூர் நிஷா டப்பாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"மறைக்கிறாள்" என்றாள் நர்ஸிடம் இந்தியில். "மகனை உள்ளே படுக்க வைத்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறாள்."

நர்ஸ் எழுவதற்குள் அவளே போய்ச் சேலையை விலக்கினாள்.

சுவரில் சாய்ந்து ஒரு கிழவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். பனியன் போட்ட இளைஞன் ஒருவன் ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கி, மறு கையால் சட்டியை வாயருகே பிடித்திருந்தான். கிழவர் துப்பி முடித்ததும் தன் தோள் துண்டாலேயே அவர் வாயைத் துடைத்துவிட்டான். முகம் சுளிக்கவில்லை. வந்தவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"எங்க மாமனாரு. வயசாளி இருமுறதெல்லாமா கணக்கு?" என்றாள் மதீனா பீவி. "அவன்தான் மவன், காசிம்."

நர்ஸ் கிழவரின் நெஞ்சில் காதுக்குழாயை வைத்துக் கேட்டாள். பழைய இழுப்புதான் என்றாள். நூர் நிஷா விடவில்லை. மகனின் நெஞ்சையும் பார்க்கச் சொன்னாள். நர்ஸ் பார்த்துவிட்டு, கல் மாதிரி இருக்கிறான் என்று சிரித்தாள். சேலை மறுபடி விழுந்தது.

கடைசிக் கேள்வி. வீட்டில் மொத்தம் எத்தனை பேர்?

"இப்ப நாலு பேரு" என்றாள் மதீனா பீவி. "நீங்க சரின்னா, அடுத்த பிறையில அஞ்சு."

நூர் நிஷாவுக்கு இந்தி மறந்துபோயிற்று.

"சர்க்காரு அரிசி டப்பாவுல கைய விடுமா, மதினி? அதுவும் போக, தரகரு காட்டின போட்டோல உங்க மவ ரஷீதாவுக்கும் இதே மூக்குதான்." மதீனா பீவி கோபப்படவில்லை. "பெத்தவளுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும்."

கல்யாணத் தரகர் பேச்சை மட்டும் நம்பி மகளைக் கொடுக்க மனசில்லாமல், இந்தச் சந்துக்கு நர்ஸ் வரும் நாளை விசாரித்துக் கெஞ்சிக் கூட வந்தவள், தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன்" என்றாள் மதீனா பீவி. "ரஷீதாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

"ஒண்ணுமில்ல மதினி. அல்லா கிருபையில சொகமா இருக்கா."

இரண்டு பெண்களும் ஏதோ உறவாகிவிட்டார்கள் என்பது மட்டும் நர்ஸுக்குப் புரிந்தது. அவளுக்கும் சந்தோஷம். பையை மூடிக்கொண்டே இந்தியில் கேட்டாள்:

"பிள்ளைகள் பேச்சா? உன் ரஷீதா டி.பி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? ஊசி நின்றுவிட்டதென்று இதையும் நிறுத்திவிடப் போகிறாள்."

போன வருஷம் கோவண்டிக்கு வந்து ரஷீதாவுக்கு ஊசி போட்டவள் இந்த நர்ஸ்தான். தனித் தட்டு, தனிப் பாய் என்று மகள் கிடந்த மாதங்களைப் பற்றித் தரகரிடம்கூட யாரும் மூச்சு விட்டதில்லை.

"நர்ஸம்மா என்ன சொல்லுதாக?" என்றாள் மதீனா பீவி. "ரஷீதான்னு பேரு காதுல விழுந்துச்சே."

நூர் நிஷா அரிசி டப்பாவின் மூடியை எடுத்து அழுத்தி மூடினாள். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

சேலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கல்யாணத்துக்கு அவுங்களையும் கூப்பிடணுமாம், உம்மா."

தோல் பட்டறையில் நாள் பூராவும் இந்தியிலேயே பேசிப் பிழைக்கிறவன் காசிம்.