கடப்பாரை இரும்பு

"மெதுவா" என்று எல்லப்பன் சொன்னது இது மூன்றாவது தடவை.

ஜீப்பு குவாரிச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் பாறை. வலது பக்கம் ஒன்றுமில்லை. கல் வெட்டியெடுத்த பள்ளம், அதன் அடியில் பச்சைத் தண்ணீர்.

பின்னால், சாக்குகளின் மேல் எல்லப்பனின் மகள் தேவகி கிடந்தாள். தலைப்பிரசவம். விடியலில் எடுத்த வலி, உச்சிவெயில் ஏறியும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி மணியம்மை அவள் தோளைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா மாமா, இப்படி நடுங்குற?" வண்டியோட்டிய கஜபதி சிரித்தான். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவன். "நீ போட்ட கம்பிதான? முன்ன ஸ்டேரிங்கு பேய் புடிச்ச மாதிரி ஆடிகினு இருந்துச்சு. இப்ப பாரு, ஒத்த வெரல்ல திரும்புது."

சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்டதில் குவாரி காண்டிராக்டர் எடுத்த வண்டி அது. இந்தக் கல்லுப் பாதையில் முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துத் திருப்பும் கம்பி வாரத்துக்கு ஒருமுறை வளைந்துபோகும். குவாரியில் உளி காய்ச்சித் தட்டுகிற எல்லப்பன்தான், பழைய கடப்பாரையை அடித்து இரண்டு மடங்கு பருமனில் புதுக் கம்பி செய்தான். நேற்றுச் சாயங்காலம் மாட்டினார்கள். சரிவில் இறங்குவது இன்றுதான் முதல்முறை.

சக்கரம் ஒரு கல்லில் ஏறி விழுந்தது. தேவகி அலறினாள்.

எல்லப்பனுக்கு அந்த அலறல்கூட அப்புறம்தான் கேட்டது. அவன் காது வண்டிக்கு அடியில் இருந்தது.

வளைவு திரும்பியதும் தூரத்தில் திருத்தணி மலை தெரிந்தது. கஜபதி இரண்டு கையையும் எடுத்துத் தலைக்கு மேல் குவித்தான். "முருகா!"

எல்லப்பன் பாய்ந்து ஸ்டேரிங்கைப் பிடித்தான்.

"அட, வுடு மாமா. கும்புட்டா அவரே ஓட்டுவாரு."

சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. மகளைத் தூக்கி ஏற்றும்போதே வந்ததுதான். "மாட்டு வண்டின்னா ஆஸ்பத்திரிக்குப் பாதி வழிகூட தாங்க மாட்டா" என்று மணியம்மை அப்போது சொன்னாள். வாயை மூடிக்கொண்டான்.

"அண்ணே..." பின்னாலிருந்து தேவகியின் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு. "வெரசா போங்க. எங்க நைனா செஞ்சது. ஒண்ணும் ஆவாது."

கஜபதி காலை அழுத்தினான்.

காய்ச்சிய உளியின் முனை சிவந்தால் தண்ணீர்த் தொட்டியில் முக்குவது இருபது வருஷமாக எல்லப்பன் கைக்குப் பழகிய வேலை. அவனைக் கேட்காமலே அந்தக் கை கம்பியின் இரண்டு முனையையும் முக்கிவிட்டது. உளிக்கு அது நல்லது. உளி நேராக அடி வாங்கும், மழுங்காது. இந்தக் கம்பிக்கு அடியெல்லாம் பக்கவாட்டில். தண்ணீரில் முக்கின இரும்பு பக்கவாட்டு அடிக்கு வளையாது. கண்ணாடி மாதிரித் தெறிக்கும்.

நேற்று மாட்டி முடித்துத் தொட்டியில் கை கழுவும்போது தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கம்பியை முக்கிவிட்டோம் என்று அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

காண்டிராக்டர் எல்லார் முன்னாலும் அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.